ஜூனில் வந்த கேள்வி: பி.எஸ்சி. முடித்த ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் முதல் வாரம். கடைசி செமஸ்டர் எழுதிவிட்டுப் பிள்ளைகள் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். பாளையங்கோட்டையில் நான் வேதியியல் நடத்தும் கல்லூரியில், டிபார்ட்மென்ட் வாசலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். மகள் கையில் பி.எட். அப்ளிகேஷன். அம்மா கையில் மஞ்சள் பை.

"டீச்சர், இதுக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் வேணுமாம். இன்னைக்கே கிடைச்சா நல்லது. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்" என்றார் அம்மா.

சான்றிதழ் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். எழுதும் முன்னால் பேச்சுவாக்கில், "ஏம்மா, பி.எட். நீயா முடிவு பண்ணினதா?" என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் பதில் சொன்னார்: "எங்க அண்ணன் சொல்லுதாவ டீச்சர். பொம்பளப் புள்ளைக்கு வாத்தியார் வேலதான் தோதுன்னு."

பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு நாற்காலி போடச் சொன்னேன். அன்று தொடங்கிய பேச்சு ஒரு வருஷத்துக்கும் மேல் நீண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாணவியும் அம்மாவும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டேன்.

வீடும் மார்க்கும்

ஊர் முக்கூடல் பக்கம், தாமிரபரணிக் கரையில். அம்மா பீடி சுற்றுகிறார். நாளொன்றுக்கு எழுநூறு, எண்ணூறு பீடி ஓடும். ஆயிரத்துக்குக் கையில் நிற்பது இருநூற்றைம்பதை ஒட்டி என்று சொன்னார். அப்பா கட்டட வேலைக்குக் கேரளா போய் வந்துகொண்டிருந்தவர். இடுப்பில் அடிபட்ட பிறகு வீட்டோடு இருக்கிறார். தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கடைசி வருஷத்தில் வந்தது. 2022 செப்டம்பரில்தான் அந்தத் திட்டமே தொடங்கியது. டிகிரி முடிந்ததும் அந்தப் பணமும் நின்றுவிடும்.

மாணவிக்கு அதுவரை 81 சதவீதம். துணைப் பாடமாக இயற்பியலும் கணக்கும். பிளஸ் டூவிலும் கணக்கு இருந்தது. அரியர் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் குறித்துக்கொள்ளக் காரணம் உண்டு. அறிவியல் டிகிரி முடித்தவர்களுக்குப் பல வாசல்கள் இந்த மாதிரிச் சின்ன விவரத்தில்தான் திறக்கும், மூடும். முதல் வகுப்பு மார்க் மட்டும் போதாது. துணைப் பாடம் எது, பிளஸ் டூவில் கணக்கு உண்டா, அறுபது சதவீதம் தாண்டியதா என்று ஒவ்வொரு விளம்பரமும் தனித்தனியாகக் கேட்கும். எம்.எஸ்சி. வேதியியலுக்கே சில ஐ.ஐ.டி.க்களில் பிளஸ் டூ கணக்கு கேட்கிறார்கள். பிள்ளைகள் பலருக்குத் தங்கள் துணைப் பாடத்துக்கு இவ்வளவு விலை இருப்பது கடைசி வருஷம் வரை தெரிவதில்லை.

மாமா சொன்னது ஒரு பக்கம். அவளுக்கு என்ன பிடிக்கும்? "உனக்கு என்ன ஆகணும்?" என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். அதனால் வேறு விதமாகக் கேட்டேன்: "இந்த மூணு வருஷத்துல, மணி பாக்க மறந்து போன நாள் எது?"

"வால்யூமெட்ரிக் பிராக்டிகல், மேம்" என்றாள், யோசிக்காமல்.

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. இவள்தான் ப்யூரெட்டில் இரண்டு அளவு ஒத்து வந்த பிறகும் மூன்றாவது முறை பிடித்துப் பார்ப்பவள். மற்றவர்கள் கண்ணாடிச் சாமானைக் கழுவி வைத்துவிட்டுப் போன பிறகும், பிங்க் நிறம் ஒரே சொட்டில் வருகிறதா என்று வெள்ளைத் தாளைக் கூம்புக் குடுவைக்கு அடியில் வைத்துக் குனிந்துகொண்டிருப்பாள். லேப் அசிஸ்டென்ட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"சரி, வகுப்பு எடுக்கப் பிடிக்குமா?" என்று கேட்டேன். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக ஒன்றரை வருஷம் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "பிள்ளைங்கள பிடிக்கும் மேம். ஆனா அதையே தினமும் செய்வேனான்னு தெரியல" என்றாள். அந்த வயதில் இவ்வளவு நேர்மையாகச் சொல்ல முடிவதே பெரிது.

பி.எட். பற்றி ஒரு வார்த்தை

ஆசிரியர் வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. நானே அந்த வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் மாமா நினைத்த பி.எட்.டுக்கும் இப்போது இருக்கும் பி.எட்.டுக்கும் நடுவே நிறைய தண்ணீர் ஓடிவிட்டது. 2015-லிருந்து அது இரண்டு வருஷப் படிப்பு. முடித்தவுடன் அரசுப் பள்ளி வேலை கிடையாது. டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேற வேண்டும். அந்த 150 மதிப்பெண்ணில் கணக்கும் அறிவியலும் சேர்ந்து 60 தான். மீதி தமிழ், ஆங்கிலம், குழந்தை வளர்ச்சி. அதில் தேறினாலும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு என்று 2018-ல் அரசாணை வந்துவிட்டது. டெட் தேர்வும் வருஷா வருஷம் வருவதில்லை. 2019-க்கு அப்புறம் அடுத்த அறிவிப்பு 2022-ல்தான் வந்தது. மேல்நிலை வகுப்புக்கு எடுக்க வேண்டுமென்றால் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இரண்டுமே வேண்டும்.

இதைச் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி: "அப்ப ரெண்டு வருசம் பீஸ் கட்டி முடிச்சதும், என்ன சம்பளம் டீச்சர் வரும்?" எங்கள் பழைய மாணவிகள் தனியார் பள்ளிகளில் வாங்கும் சம்பளத்தைச் சொன்னேன். சிலர் எட்டாயிரம், சிலர் பன்னிரண்டாயிரம். அம்மா பைக்குள்ளிருந்து பீடிக் கம்பெனி பாஸ்புக்கை எடுத்தார். இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, எத்தனை கட்டு என்று முன்பக்கம் முழுக்க எண்கள். கடைசிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. "இதுல எழுதித் தாங்க" என்றார். அதில்தான் இந்தக் குடும்பத்தின் கணக்கு முழுவதையும் போட்டோம்.

கடைசிப் பக்கத்தில் எழுதியது

வாசல்கள் நிறைய இருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றில் தேதி கடந்திருந்தது. என்னை உலுக்கியது அதுதான்.

ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. 2023 தேர்வு பிப்ரவரி 12 அன்றே முடிந்துவிட்டது. அதற்கு அப்ளிகேஷன் போட்டிருக்க வேண்டியது அதற்கு முந்தின செப்டம்பர், அக்டோபரில். என்.ஐ.டி.க்களும் அதே ஜாம் மார்க்கை வைத்துத்தான் சி.சி.எம்.என். கவுன்சலிங்கில் இடம் தருகின்றன. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் பி.எஸ்சி.யோடு நேராக இன்டக்ரேட்டட் பி.எச்டி. சேரலாம், உதவித்தொகையோடு. அதற்கும் ஜாம்தான் வழி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட்-பி.ஜி. அந்த வாரம்தான் அந்தத் தேர்வே தொடங்கியிருந்தது. அவள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

மூன்று வருஷம் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். எஸ்.என்.1, எஸ்.என்.2 என்று வேதிவினை வழிமுறைகள் எல்லாம் கரைத்துக் குடித்திருக்கிறாள். ஜாம் என்ற ஒரு சொல்லை நாங்கள் ஒருவரும் அவள் காதில் போடவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்ற வழிகளைச் சீக்கிரமாகவே பார்த்து முடித்தோம். எங்கள் கல்லூரியிலேயே எம்.எஸ்சி., அல்லது அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். இரண்டும் நல்ல வழிகள், செலவு குறைவு, வீட்டிலிருந்தே போகலாம். எம்.சி.ஏ., அல்லது பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடிச் சேர்க்கை. கணக்குப் படித்திருப்பதால் முடியும், ஆனால் அவளுக்கு ஆசை இல்லை. மெடிக்கல் கோடிங்குக்கு அவள் தோழி ஒருத்தி சென்னை போகத் தயாராக இருந்தாள். ராத்திரி ஷிப்ட் என்றதும் அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எப்போது வந்தாலும் எழுதட்டும் என்று முடிவானது.

ஒரு வாசல் மட்டும் கூடக் கொஞ்ச நேரம் பேச வைத்தது: கூடங்குளம். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கூடங்குளம் என்றால் கான்ட்ராக்ட் வேலை. ஆனால் அணுமின் கழகம் ஸ்டைபெண்டரி டிரெய்னி என்று பி.எஸ்சி. முடித்தவர்களை எடுக்கிறது. அறுபது சதவீதம் வேண்டும், வயது 25-க்குள், பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை, முடிந்ததும் சயின்டிபிக் அசிஸ்டென்ட் வேலை. இயற்பியல் முதன்மையா, வேதியியல் முதன்மையா, கூட எந்தத் துணைப் பாடம் என்று விளம்பரத்தில் வரிக்கு வரி எழுதியிருப்பார்கள். இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரியும் அதே மாதிரிதான். ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கும் சத்தம் காவல்கிணறு வரை கேட்கும், அந்த நிறுவனத்தின் வேலை விளம்பரத்தைப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. இஸ்ரோவின் மையங்கள் சில, முதல் வகுப்பு பி.எஸ்சி. படித்தவர்களைச் சயின்டிபிக் அசிஸ்டென்ட்டாக எடுக்கின்றன. இந்த விளம்பரங்கள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்புக் பக்கத்தில் கடைசியாக மூன்று வரிகள் நின்றன. ஒன்று, இப்போதே பி.எட். இரண்டு, இப்போதே இங்கே எம்.எஸ்சி. மூன்று, ஒரு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே ஜாமுக்கும் கியூட்டுக்கும் படித்து, அடுத்த ஜூனில் எம்.எஸ்சி. மூன்றாவது வரிக்கு எதிரே அம்மா விரலை வைத்தார்.

"ஒரு வருசம் வீட்டுல கெடந்தா ஊர்ல என்ன சொல்லுவாவ டீச்சர்?"

மாமா வந்த நாள்

அடுத்த வாரம் மாமாவே வந்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் குடை. "நான் கெடுக்க வரல மேடம்" என்றுதான் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, உக்காருங்க. உங்க பயம் என்னன்னு சொல்லுங்க, அத வச்சே பேசுவோம்" என்றேன்.

அவருக்கு மூன்று பயம். வெளியூருக்குப் பெண் பிள்ளையை அனுப்பினால் பார்க்க யாரும் இல்லை. ஒரு வருஷம் படிப்பு விட்டுப்போனால் அப்புறம் கல்யாணப் பேச்சு தானாக வந்துவிடும், அதைத் தடுக்க அவரால் முடியாது. கடைசியாக, தங்கச்சி வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத நிலையில் யாராவது ஒருவர் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் தப்பு என்று சொல்லவில்லை. படித்தவர்கள் பல பேர் செய்யும் தவறு இது: குடும்பத்தின் கவலையை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் பிள்ளையிடம் மட்டும் கனவைப் பேசுவது. வீட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழப்போவது அந்தப் பிள்ளைதான். மாமா சொன்ன இரண்டாவது பயம்தான் எனக்கும் பெரிதாகப் பட்டது. வீட்டில் உட்கார்ந்து படித்தால் பெண் பிள்ளைக்கு அந்த வருஷம் படிப்பு வருஷமாக இருக்காது. சமையலும் பீடியும் பெண் பார்க்கும் படலமுமாகக் கரைந்துவிடும். காலையில் வெளியே போய்ச் சாயங்காலம் திரும்பும் ஒரு வேலை இருந்தால் ஊர் வாயும் அடங்கும், கையிலும் ஏதோ வரும்.

அப்படித்தான் பெருமாள்புரத்தில் ஒரு சிறிய தனியார் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் சேர்ந்தாள். மாதம் 9,000 ரூபாய். நிபந்தனை மாமா போட்டது: அடுத்த ஜூன் வரைதான். வெளியே இடம் கிடைக்காவிட்டால் மறு பேச்சில்லாமல் இங்கேயே எம்.எஸ்சி. எனக்கு அது நியாயமாகவே பட்டது. எல்லை இல்லாத காத்திருப்பு பிள்ளைகளைத் தின்றுவிடும். எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

தண்ணீர் லேப்

இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம். ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.

ராதாபுரம், உவரிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய சீட்டு. கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன். பஃபர் விட்டு எரியோகுரோம் பிளாக்-டி என்ற நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டதும் தண்ணீர் ஒயின் சிவப்பாகிறது. ப்யூரெட்டிலிருந்து சொட்டு சொட்டாக விட, ஊதா கலந்து, ஒரு கட்டத்தில் அந்தச் சிவப்பின் கடைசிச் சாயலும் போய்ச் சுத்தமான நீலம். அதே ப்யூரெட், அதே குனிந்த தலை. ஆனால் கல்லூரியில் சரியான விடை என் நோட்டில் இருக்கும். இங்கே யார் நோட்டிலும் இல்லை. ஒரு குடும்பம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பது அவள் எழுதும் எண்ணில் இருக்கிறது.

இந்தியத் தர அளவில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் மொத்தமாகக் கரைந்திருக்கும் பொருள்கள், லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை. கடினத்தன்மைக்கு 200, அதே மாதிரி 600 வரை. இரண்டாவது எண்ணைத் தாண்டிய சீட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். "மேம், இவங்ககிட்ட போன் பண்ணிச் சொன்னேன். எப்பவும் இதத்தான் குடிக்கோம்மாங்காவ" என்றாள்.

படிப்பு காலை நாலரையிலிருந்து ஏழு வரை, பிறகு பஸ்ஸில். ஜாம் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்போது பெண்களுக்கு ஒரு தாள் எழுதக் கட்டணம் 900 ரூபாய். அதை லேப் சம்பளத்திலேயே கட்டினாள். முதல் தாளை எடுத்து உட்கார்ந்தபோது நூற்றுக்குப் பதினொன்று. அழுதுகொண்டே போன் செய்தாள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். நாங்கள் கல்லூரியில் "எஸ்.என்.1 வினையின் வழிமுறையை விவரி, 10 மதிப்பெண்" என்று கேட்போம். அவள் மூன்று பக்கம் எழுதி ஒன்பது வாங்குவாள். ஜாமில் நாலு பென்சைல் குளோரைடுகளைக் கொடுத்து எது வேகமாக வினைபுரியும் என்று கேட்பார்கள். பாராவில் மெத்தாக்சி இருந்தால் அது எலக்ட்ரானைத் தந்து, வினையின் நடுவே உருவாகும் நேர்மின் அயனியான கார்போகேட்டயானைத் தாங்கிப் பிடிக்கும், நைட்ரோ இருந்தால் இழுத்துக் கெடுக்கும் என்று அரை நிமிஷத்தில் தோன்ற வேண்டும். அவளுக்கு வழிமுறை தெரியும். அதை வைத்து ஒரு முடிவு எடுத்துப் பழக்கமில்லை. பழக்காதது நாங்கள்.

எண்ணை நேரடியாகப் போடச் சொல்லும் இருபது கேள்விகளில் மட்டும் அவள் சீக்கிரமே தேறினாள். லேபில் தினமும் மோலாரிட்டியும் பி.எச்.சும் கணக்குப் போட்டுப் போட்டுக் கை வந்துவிட்டது. ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம் என்ற வகையிலும் எண் விடை வகையிலும் மைனஸ் மார்க் கிடையாது, அவற்றை விடாமல் எழுது என்று சொல்லியிருந்தேன். நவம்பர் கடைசியில் முப்பத்தெட்டு வரை வந்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

டிசம்பர் 17

2023 டிசம்பர் 17, 18. திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்திலும் புகுந்தது. அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பாஸ்புக் அம்மா இடுப்பில் இருந்தது, பிழைத்தது. பீடி இலை மூட்டையும் அவளுடைய நோட்டுகளும் போயின. ஈரமான இலையைச் சுளகில் பரப்பி உலர்த்திப் பார்த்தார்களாம். பூஞ்சணம் பிடித்துவிட்டது.

லேப் நாலு நாள் மூடியிருந்தது. திறந்த பிறகு வேலை பத்து மடங்கு. வெள்ளம் புகுந்த கிணறு, போர் எல்லாவற்றுக்கும் கோலிபார்ம் சோதனை கேட்டு வரிசை. வேதியியல்காரி பாக்டீரியா சோதனை கற்றுக்கொண்டாள். லாக்டோஸ் கலந்த ஊட்டக்கரைசலில் தண்ணீரை விட்டு இன்குபேட்டரில் வைத்தால், 24 மணி நேரமோ 48 மணி நேரமோ கழித்து, உள்ளே கவிழ்த்து வைத்த சின்ன டர்ஹாம் குழாயில் வாயுக் குமிழ் வந்திருக்கும். குமிழ் இருந்தால் கிருமி இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும். ராத்திரி எட்டு மணி வரை வேலை. லேப் முதலாளி அவளைப் படிக்கப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. நானும் போனில் திட்டினேன். "மேம், குமிழ் வராத குழாய் அஞ்சுல ஒண்ணுதான் இருக்கு. எப்படி மேம் போக?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சென்னையில் இருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி தன் புத்தகங்களைப் பார்சலில் அனுப்பி வைத்தாள். ஆனால் ஜனவரி முழுக்க இவள் படித்தது மிகக் குறைவு. 2024 பிப்ரவரி 11 அன்று ஜாம் எழுதினாள், மார்ச்சில் கியூட். ஜனவரி 30-ல் 6,244 இடங்களுக்கு வந்த குரூப் 4-க்கும் போட்டு ஜூன் 9-ல் எழுதினாள். அதில் வரவில்லை.

ஜாமில் ரேங்க் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. வெள்ளம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஆறு வாரத்தில் அவளுக்கு வேறொன்று தெளிவாகியிருந்தது: தனக்கு வேண்டியது பகுப்பாய்வு வேதியியல், அதுவும் தண்ணீர். முந்தின ஜூனில் இதை நான் கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

இடம் வந்தபோது

சி.சி.எம்.என். கடைசிச் சுற்றுகளில் வடகிழக்கில் ஒரு என்.ஐ.டி.யில் இடம் வந்தது. கியூட் மார்க் நன்றாக இருந்ததால் நமக்கு ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் வந்தது.

நான் என்.ஐ.டி.க்குத்தான் போகச் சொன்னேன். கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் வாங்கலாம், பேங்குக்கு நான் கூட வருகிறேன் என்றேன். அம்மா பாஸ்புக்கைத் திறந்தார். இரண்டு வருஷக் கட்டணம், போக வர ரயில், லீவுக்கு எத்தனை தடவை வர முடியும், அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் எத்தனை நாளில் வந்து சேர்வாள். மூன்று நாள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் அதில் சிறு பங்குதான். காலையில் பஸ் ஏறினால் ராத்திரிக்குள் வீடு.

"பேரு பெருசா இருந்து என்ன டீச்சர், புள்ள பயந்துக்கிட்டு படிச்சா மண்டைல ஏறுமா?"

மகளும் அதையேதான் நினைத்திருக்கிறாள், எனக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். எனக்கு அப்போது வருத்தம்தான். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் அங்கே இருக்கும் கருவிகளின் பட்டியலையும் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீரில் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். என்.ஐ.டி.யில் அந்தத் துறையில் அப்போது யாரும் இல்லை. இடத்தின் பெயரைப் பார்த்த நான் இதை முதலில் பார்த்திருக்க வேண்டும். எம்.எஸ்சி.யில் கடைசி செமஸ்டர் பிராஜெக்ட்தான் பிள்ளையின் கையைத் திருப்பும். யாரிடம், எந்தக் கருவியில், எந்த விஷயத்தில் என்பது கல்லூரிப் பெயரைவிடப் பெரிது.

2024-ல் சேர்ந்தாள். முதல் செமஸ்டர் ஆங்கிலத்தில் செமினார் எடுக்கத் திணறியிருக்கிறாள். இரண்டாவது செமஸ்டரில் டைட்ரேஷன் பிராக்டிகலுக்கு ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியரே அவளைக் கூப்பிட்டாராம். இப்போது இரண்டாம் வருஷம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்குப் படிக்கிறாள். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். 2023 வரை அது 31,000 ஆக இருந்தது.

நாங்கள் மாற்றியது

இந்த ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் கூடுதலாகப் போனது. அந்த வருஷம் அவளுக்கு நல்லதாகவே முடிந்தது என்பது உண்மை. ஆனால் அவளுக்குப் பின்னால் வருகிற எல்லோருக்கும் தண்ணீர் லேப் கிடைக்காது, விட்டுக்கொடுக்கும் மாமாவும் இருக்க மாட்டார். முந்தின செப்டம்பரில் யாராவது ஒருவர் வகுப்பில் பத்து நிமிஷம் பேசியிருந்தால் அவள் 2023 பிப்ரவரியிலேயே எழுதியிருப்பாள்.

அதனால் இப்போது எங்கள் துறையில் மூன்றாம் வருஷம் ஆரம்பித்ததும், செப்டம்பர் முதல் சனிக்கிழமை, பெற்றோரோடு ஒரு கூட்டம். பி.பி.டி. கிடையாது. ஒரு பெரிய சார்ட்டில் பன்னிரண்டு மாதம் கட்டம் போட்டு, எந்த மாதம் எது திறக்கும், எது மூடும் என்று எழுதியிருக்கிறோம். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு இரண்டாம் வருஷத்திலேயே போடச் சொல்கிறோம். போன வருஷம் எங்களிடமிருந்து இரண்டு பேர் போய்வந்தார்கள். இன்டர்னல் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியோடு ஜாம் மாதிரிக் கேள்விகள் ஐந்தும் வருகின்றன. பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே கொண்டு வருகிறார்கள். பெற்றோருக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம். நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது.

போன பொங்கல் லீவில் அவள் அம்மா ஒரு பையில் வெல்லமும் கிழங்கும் கொண்டு வந்தார். கூடவே தம்பி. மீசை அரும்பியிருந்தான், பிளஸ் டூ. அம்மா பாஸ்புக்கை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தைத் திறந்தார். அதுவும் வெள்ளையாக இருந்தது.

"இவனுக்கும் எழுதணும் டீச்சர். செப்டம்பர் போயிட்டுன்னு அக்காக்காரி திட்டுதா. இப்ப வந்தா ஆகாதா?"

நாற்காலி போடச் சொன்னேன். "தம்பி, நீ சொல்லு. மணி பாக்க மறந்த நாள் எது?"

அவன் யோசித்தான். "வெள்ளத்தப்ப அக்கா லேபுக்கு ஒரு நாள் போனேன் மேம்," என்றான்.